படத்தில் இல்லாத மஞ்சள்

கல்வராயன் மலை,
8-11-1987

வீரமுத்து மாஸ்டருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது வழக்கம். எனக்கு ஆவலில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மலைக்கு மாற்றலாகி வந்து இருபது நாளாகிறது. இந்த உண்டு உறைவிடப் பள்ளியில் ஒரே ஹாலில் நான்கு வகுப்பு. நான் சரித்திரம் நடத்தும்போது பக்கத்தில் வாய்ப்பாடு ஓடுகிறது. அசோகரும் ஏழெட்டு ஐம்பத்தாறும் சேர்ந்தே பிள்ளைகள் தலையில் ஏறுகிறார்கள். நேற்றுக் காலை பஸ்ஸில் எனக்கு மெமோ வந்தது. ‘ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் சித்திரத்தை வகுப்பறையில் மாட்டி, மாணவி ஒருத்தியை அதற்கு இழிவான விளக்கம் சொல்லவைத்து, பகை மூட்டினார்’ என்பது குற்றச்சாட்டு. டிசம்பர் 21ஆம் தேதி விசாரணை. நிரூபணமானால் டிஸ்மிஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், மாஸ்டர்.

பதில் விளக்கம் எழுத வேண்டும். முதலில் அதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

அக்டோபர் ஒன்பது, வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட், பத்தாம் வகுப்பு ‘பி’. வாரா வாரம் அந்தப் பீரியடில் ஒரு பழைய அரசியல் கேலிச்சித்திரத்தை மாட்டி சரித்திரம் நடத்துவது என் பத்து வருஷப் பழக்கம். படத்தின் கீழே உள்ள எழுத்தைக் காக்கித் தாள் ஒட்டி மறைத்துவிடுவேன். கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதுவேன். யாரைப் பெரிதாகப் போட்டிருக்கிறான்? யாரைச் சிறிதாகப் போட்டிருக்கிறான்? போட்டவன் யார் பக்கம்? பிள்ளைகள் எழுதி முடித்த பிறகே காக்கித் தாளைக் கிழிப்பேன்.

அன்றைய படம் 1921ஆம் வருஷத்துப் பத்திரிகையில் வந்தது. ஒரு ரயில் பெட்டி. அதன் மேல் ‘சர்க்கார் உத்தியோகம்’ என்று எழுதியிருக்கும். உள்ளே நாலு பேர் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். வாசலில் ஒருவர் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார். ஒரு கையால் உள்ளே இருப்பவர்களைக் கும்பிடுகிறார். இன்னொரு கையால், பின்னால் ஏற வருகிறவனின் தலையைப் பிடித்துக் கீழே அமுக்குகிறார். அவர் தோளில் ஒரு துண்டு. கறுப்பு மையில் அச்சான படம் அது. துண்டுக்கு நிறம் கிடையாது.

அதைக் கட்டம் போட்டு சார்ட்டில் பெரிதாக்கிக் கொடுத்தவர் நீங்கள். ஒரு கோடு கூடக் கூடாது, ஒரு கோடு குறையக் கூடாது என்பது நமக்குள் இருக்கும் பேச்சு. நீங்கள் கொடுத்த சார்ட்டில் துண்டு மஞ்சளாக இருந்தது. வகுப்பில் விரித்த பிறகே கவனித்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் முடிந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. வெட்டிப் போட்ட புளிய மரங்கள் ரோட்டோரம் இன்னும் பச்சையாகக் கிடந்தன. உங்கள் ஆட்கள் எல்லார் தோளிலும் மஞ்சள் துண்டு. அந்த நேரத்தில் ஒரு பாய் வாத்தியார் அந்தப் படத்தை மாட்டினால் ஊர் என்ன சொல்லும்? காலனிப் பெண் அஞ்சலை எழுந்து தன் பதிலைப் படித்தாள். “துண்டு போட்டவரு பாவம் சார். உள்ள படுத்துகினு இருக்கறவங்கள எழுப்ப பயம். அதான் கீழ இருக்கறவன தள்றாரு.” நல்ல பதில். பத்து வருஷத்தில் அப்படி ஒரு பதில் எனக்கு வந்ததில்லை. ‘நம்ம ஆளுங்க பயந்தாங்கொள்ளின்னு அஞ்சல சொன்னா, சார் சிரிச்சாரு’ என்று அது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை கேட்டுக்கு வெளியே எழுபது பேர் நின்றார்கள்.

ஹெச்.எம். அறையில் ‘யாரு வரைஞ்சது?’ என்று கேட்டபோது நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். தரையைப் பார்த்தீர்கள். நீங்களே சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன். ஹெச்.எம்.முக்குத் தெரியாதா என்ன? உங்களைச் சொன்னால் ஒரு தெருவே திரண்டு வரும். என்னைச் சொன்னால் கேட்க நாதியில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ‘வரைந்ததும் வண்ணம் பூசியதும் நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

தஸ்தகீர்


தியாகதுருகம் வழி,
16-11-1987

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை. மஞ்சள் விஷயம் இவ்வளவுதான். அன்றைக்கு போஸ்டர் கலரில் மஞ்சள் பாட்டில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. படம் வெறும் கறுப்பில் சப்பென்று கிடந்தது. துண்டில் ஒரு கை அடித்தால் கடைசி பெஞ்சுக்கும் எடுப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். டிராயிங் வாத்தியார் புத்தி. இப்படி ஆகும் என்று கண்டேனா?

உங்கள் வெள்ளிக்கிழமைப் பீரியடில் இப்போது பி.டி. மாஸ்டர் பிள்ளைகளை கிரவுண்டுக்கு அழைத்துப் போகிறார். அஞ்சலை வருவதில்லை. ஒரு மாதமாகிவிட்டது.

எழுதித் தர மாட்டேன் என்று சொல்லவில்லை, பாய். இப்போது முடியாது என்கிறேன். தையில் என் மகள் மணிமொழிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலையும் சீர்த்தட்டும் எடுத்து வந்து, அவன் கையால் மாலை போட்ட பிறகுதான் பெண் மணையில் உட்காரும். தாய்மாமன் இல்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். அந்தத் தாய்மாமன் என் மனைவியின் தம்பி கண்ணாயிரம். மறியலில் முன்னால் நின்றவன். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “அந்த பாய்க்கு எவன் வரைஞ்சு குடுத்தான்னு மட்டும் தெரியட்டும் மாமா, கைய முறிச்சி அடுப்புல வெக்கறேன்.” நான் அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடியட்டும். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

பஜாரில் உங்கள் வீட்டுக்காரம்மா பாத்திமுத்துவைப் பார்த்தேன். கும்பிட்டேன். அவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மலையில் பனி ஜாஸ்தி என்று கேள்வி. என்னிடம் ஒரு நல்ல கம்பளி இருக்கிறது. அனுப்பட்டுமா?

இப்படிக்கு,
வீரமுத்து


கல்வராயன் மலை,
25-11-1987

வீரமுத்து மாஸ்டருக்கு,

கம்பளி வேண்டாம்.

நல்ல ஆள் நீங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். ஆகஸ்டில் கண்காட்சிக்கு நாலு பாட்டில் போஸ்டர் கலர் வாங்கி வந்தவன் நான். பொறுப்பு ஒப்படைத்த அன்று உங்கள் அலமாரியில் மேப் தேடினேன். சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் மூடி திறக்காமல் இருந்தன. திறந்திருந்தது மஞ்சள் மட்டும்தான். இதைப் படித்ததும் உங்கள் காது சிவக்கும் என்று எனக்குத் தெரியும். சிவக்கட்டும்.

இங்கே ஏழாம் வகுப்பில் அதே படத்தை சாக்பீஸால் கிறுக்கிக் காட்டினேன். எனக்கு வரைய வராது, ஆனாலும் போட்டேன். இந்தப் பிள்ளைகள் ரயிலைப் பார்த்ததில்லை. “வூடு சார்” என்றது ஒரு பெண். உள்ளே படுத்திருப்பவர்கள் காய்ச்சல்காரர்களாம். வாசலில் நிற்கிறவர் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று பின்னால் வருகிறவனைத் தடுக்கிறாராம். அதனால் நல்லவராம். போன மழைக்காலத்தில் இந்த ஊரில் ஒன்பது பேர் அப்படித்தான் ஒரே வீட்டில் படுத்துக் கிடந்தார்களாம். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதில் தப்பு போட எனக்குக் கை வரவில்லை.

கல்யாணம் முடியட்டும் என்கிறீர்கள். விசாரணை தையில் இல்லை, மார்கழியில். உங்கள் வீட்டில் மட்டுமா பெண் இருக்கிறது? என் நௌஷீன் பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் எழுதியிருந்தாள். ‘அத்தா, நீங்க ஏன் அப்படி ஒரு படம் வரைஞ்சீங்க? எல்லாரும் கேக்கறாங்க, எனக்கு பதில் தெரியல.’ என் மகளே நான் வரைந்ததாக நம்புகிறாள். ஒன்பது வருஷம் ஒரே பாத்திரத்தில் டீ குடித்திருக்கிறோம். நோன்புக் கஞ்சி கொண்டுவந்தால் முதல் தம்ளர் உங்களுக்குத்தான் ஊற்றுவேன். அந்த உரிமையில் கேட்கிறேன். கையெழுத்துப் போடாவிட்டால் போகிறது. எனக்காவது உண்மையைச் சொல்லுங்கள்.

ஏன் மஞ்சள்?

தஸ்தகீர்


தியாகதுருகம் வழி,
4-12-1987

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

செப்டம்பரில் மறியலின் நான்காம் நாள். பள்ளிக்கூடம் லீவு. பட்டப்பகல், மூன்று மணி இருக்கும். எங்கள் ஊர்க் காலனிப் பக்கம் புகை தெரிந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்று குடிசை எரிந்துகொண்டிருந்தது. காலனிக்காரர்கள் மரம் இழுத்துப் போட வரவில்லை என்று காலையிலிருந்தே எங்கள் தெருவில் பேச்சு இருந்தது. ஏரிக்கரை வழியாகக் கண்ணாயிரம் வந்தான். கையில் டின். கூட இன்னும் இரண்டு பேர். என்னைப் பார்த்ததும் நின்றான்.

“மாமா, நீங்க இங்க வரவே இல்ல” என்றான்.

“ஆமாம்பா” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன், பாய். தண்ணீர் ஊற்றக்கூடப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து கை கால் கழுவினேன். உயிருக்குச் சேதமில்லை. அதையே நாலு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எரிந்த மூன்றில் நடுக் குடிசை அஞ்சலையுடையது. அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வந்தாள். கையில் ஒரு புத்தகம் இல்லை. “சார், டிராயிங் நோட்டு ஒண்ணு பழசு இருந்தா குடுங்க, பின்பக்கம் எழுதிக்கறேன்” என்று என்னிடம்தான் வந்து நின்றாள். கொடுத்தேன். “எப்படிம்மா எரிஞ்சுது?” என்று ஒரு கேள்வி வேறு கேட்டேன். “அடுப்பு நெருப்பு சார்” என்றாள். அவளுக்கு யார் என்று தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

அந்த வாரம்தான் நீங்கள் அந்தப் படத்தைக் கொண்டுவந்தீர்கள். கட்டம் போட்டேன். பெட்டி வரைந்தேன், படுத்திருப்பவர்களை வரைந்தேன், கீழே அமுக்கப்படுகிறவனை வரைந்தேன். துண்டு வந்தது. எல்லா பாட்டிலும் இருந்தது, நீங்கள் சொன்னது சரி. நான் மஞ்சளைத் திறந்தேன். வேண்டுமென்றேதான் திறந்தேன். வாயால் சொல்ல முடியாததை அங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வெறி. பூசி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் என் பெயரைப் போடவில்லை. உங்கள் பீரியடில், உங்கள் கையால் மாட்டவைத்தேன். அது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று ஹெச்.எம். அறையில்தான் உறைத்தது.

கல்யாணம் நின்றுவிடும் என்று எழுதினேனே, அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் என் மனைவி லட்சுமியம்மாள். தாய் செத்தபோது கண்ணாயிரத்துக்கு ஒன்றரை வயது. இவளுக்குப் பதினொன்று. இடுப்பில் வைத்து வளர்த்தாள். கட்டிக்கொண்டு வந்தபோது அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். அவன்தான் குடிசைக்கு நெருப்பு வைத்தான் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். வரைந்தது நான் என்று சொன்னால் ஏன் மஞ்சள் என்று கேட்பார்கள். பாதி சொல்லிப் பாதியை முழுங்க எனக்கு வராது. முழுசாகச் சொன்னால் வீடு போய்விடும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வீரமுத்து


கல்வராயன் மலை,
12-12-1987

அன்புள்ள வீரமுத்து,

அடுப்பில் போட்டுவிட்டேன். இரண்டு முறை படித்த பிறகு.

திட்டத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதவும் செய்தேன். அதற்குள் இங்கே ஒன்று நடந்தது.

முந்தாநாள் ஏழாம் வகுப்பில் உங்கள் பெயரைச் சொல்லாமல் கதையைச் சொன்னேன். ஒரு வாத்தியார் இருந்தார், அவர் நண்பர் படத்தில் இல்லாத நிறத்தைப் பூசிவிட்டார், பாவம் வாத்தியாருக்கு வேலை போகப் போகிறது என்று. எனக்காகப் பிள்ளைகள் பரிதாபப்பட வேண்டும் என்று ஆசை, வேறென்ன? இருசப்பன் என்று ஒருவன், எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருப்பான், எழுந்து கேட்டான். “மாட்டறதுக்கு முன்னாடி அந்த வாத்தியாரு படத்த பாக்கலியா சார்?”

பார்த்தேன், வீரமுத்து.

அன்று இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் மேஜையில் நீங்கள் சுருட்டி வைத்த சார்ட்டை விரித்தேன். மஞ்சளைப் பார்த்தேன். அது என்ன மஞ்சள் என்றும் தெரிந்தது. வேறு படம் பெட்டியில் இருந்தது. உங்களைக் கூப்பிட்டு என்ன இது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மறுபடி சுருட்டிக்கொண்டு போனேன். பத்து வருஷமாகச் செத்துப்போனவர்கள் படத்தையே மாட்டி நடத்துகிறேன், பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். இன்றைக்கு நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில், பதில் படிக்க அஞ்சலையை எழுப்பிவிட்டதும் நான்தான். அவள் கையைத் தூக்கவில்லை.

உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில் ‘வகுப்பில் விரித்த பிறகே கவனித்தேன்’ என்று எழுதினேன். மெமோவுக்கான பதிலிலும் அப்படியே எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இன்னொரு நோட்டீஸ் வந்திருக்கிறது. சாட்சிகள் பட்டியலில் முதல் பெயர் அஞ்சலை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார்கள். யாரும் சொல்லித் தரவில்லை என்றால் இவ்வளவு திமிரா என்பார்கள். சாயங்காலம் அவள் உங்கள் ஊருக்குத்தானே பஸ் ஏறிப் போக வேண்டும்? குடிசையைத் திரும்பக் கட்டியிருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே போய் அவள் படுக்க வேண்டும்.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாட்சிகளைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே 21ஆம் தேதி காலை முதல் ஆளாகப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன். படம் நான் வரைந்தது, மஞ்சள் நான் பூசியது, பதில் நான் சொல்லிக் கொடுத்தது. மூன்றும் பொய்தான். பரவாயில்லை. பாத்திமுத்துவுக்கு எழுதிவிட்டேன். அவளிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

நீங்கள் வர வேண்டாம். மணிமொழி கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது. ஆனால் அதில் பாதி என் மேல்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அஞ்சலையை மார்ச்சில் பரீட்சை எழுத வையுங்கள். வீடு எரிந்து மூன்று வாரம் ஆவதற்குள் துண்டுக்காரரைப் பார்த்துப் ‘பாவம்’ என்று சொன்ன பெண் அது. நான் அவளுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருந்தேன். அவளிடம் சொல்ல நேரமில்லாமல் போயிற்று.

உங்கள்,
தஸ்தகீர்


(தபால் அட்டை)
கள்ளக்குறிச்சி,
17-12-1987

பாய்,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எழுத வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வீ.


தியாகதுருகம் வழி,
23-12-1987

அன்புள்ள பாய்,

திங்கட்கிழமை விசாரணை முடிந்து பஸ் ஸ்டாண்டில் என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு மலை பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். ஒரு டீ குடிக்க நேரமில்லை. வாயால் பேச வேண்டியதை எல்லாம் எழுதுகிறேன்.

என் அட்டை உங்களுக்கு வந்து சேரவே இல்லை என்று உங்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நீங்கள் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். விசாரணை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். ‘நீங்க சாட்சி லிஸ்ட்ல இல்லையே’ என்றார் விசாரணை அதிகாரி. ‘படமே நான் வரைஞ்சதுங்க’ என்றேன். அப்புறம் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. குடிசை எரிந்ததைப் பார்த்தேன், சொல்ல தைரியமில்லை, அதனால் துண்டுக்கு மஞ்சள் பூசினேன் என்றது ஞாபகம் இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்டார். போலீஸ் கேட்டால் சொல்கிறேன் என்றேன். அங்கேயும் முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. அப்போது நீங்கள் எழுந்து, ‘நானும் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன், பிள்ளையை எழுப்பியதும் நான்’ என்றீர்கள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உங்களுக்கு ஒன்றுமே வந்திருக்காது. வீம்பு பிடித்த மனிதர் நீங்கள்.

ஹெச்.எம். நேற்று சொன்னார். பகை மூட்டிய குற்றம் உங்கள் மேல் நிற்காதாம். ஒரு கண்டனத்தோடு விட்டுவிடுவார்களாம், வேலைக்கு ஆபத்தில்லை. எனக்குத் தனியாக மெமோ தயாராகிறது. வரட்டும். அஞ்சலையை உள்ளே கூப்பிடவே இல்லை. அவளும் அவள் அப்பா சடையனும் வராந்தா பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். போகும்போது அவளிடம் நூற்றுக்கு நூறு விஷயத்தைச் சொன்னேன். “நெசமாவா சார்?” என்றாள். ஜனவரியில் வருகிறாள்.

இனி என் வீட்டில் நடந்தது.

நேற்று மத்தியானம் கண்ணாயிரம் வந்தான். செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்தான். “நம்ம ஜனத்த காட்டிக் குடுத்துட்டியே. நீயெல்லாம் ஒரு மனுசனா?” என்றான். மாமா என்ற சொல் போயிற்று. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டான்.

“யக்கா, தையில நான் மால எடுக்க மாட்டேன். இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். உம்புருசன் சொன்னது பொய்யின்னு நாலு பேரு முன்னால நீ வந்து சொல்லு. அப்பறம் பாக்கலாம்.”

லட்சுமியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா பொய்யி சொன்னாரு?”

“குடிச எரிஞ்சுதுக்கு நம்ம ஆளுங்கதான் காரணம்னு சொல்லிக்கினு வந்துருக்காரு.”

“எரிஞ்சுதா, எரிச்சதா?”

அவள் குரல் உயரவே இல்லை, பாய். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில்தான் பேசினாள்.

“அன்னிக்கி பொழுதுசாய இங்க வந்துதான குளிச்ச? உஞ்சட்டைய அவுத்து போட்டுட்டு மாமா சட்டைய மாட்டிக்கினு போன. அத தொவச்சது நான்தான்டா. மூணு தபா சவுக்காரம் போட்டேன். கிருஷ்ணாயில் வாட போவல.”

மூன்று மாதம், பாய். அவளுக்குத் தெரியக் கூடாது என்று நான் அந்த வீட்டுக்குள் நடித்துக்கொண்டிருந்தேன். தன் தம்பி செய்தது எனக்குத் தெரியக் கூடாது என்று அவளும் நடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பயலுக்கு இரண்டு பேருமாகச் சோறு போட்டோம்.

கண்ணாயிரம் போய்விட்டான். வாசல் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவன் சின்ன வயசில் அடி வாங்கினால் அப்படித்தான் பார்ப்பான். லட்சுமியம்மாள் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். ஒப்பாரி வைக்கிற மாதிரி வாய்விட்டு அழுதாள். மணிமொழி அவளைப் பிடித்துக்கொண்டு, “கல்யாணம் நின்னா நிக்கட்டும்மா” என்றது. சமாதானம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இன்று காலை அவள் குளித்துவிட்டு வெளியே போகிற புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். எங்கே என்றேன்.

“போலீசு கேட்டா சொல்றேன்னியாமே. அவங்க கேக்கட்டும்னு குந்திகினு இருந்தா ஆரு வந்து கேக்கப் போறாங்க? வா, நாமளே போயி சொல்லிட்டு வருவோம்.”

“உன் தம்பிடி” என்றேன்.

“தெரியும். நான் வளத்தவன்தான்” என்றாள்.

அந்தச் சட்டையை மடித்து மஞ்சப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பத்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். இதை வழியில் தபால் பெட்டியில் போடுகிறேன்.

உங்கள்,
வீரமுத்து